சாமைக்காட்டில் பனிச்சறுக்கு

ஜன. 4, ஞாயிறு

மூடுபனி. செம்மேடு பஸ் ஸ்டாண்டையே காணோம், ஹாரன் மட்டும் வந்தது. மிளகு காயவில்லை.

அண்ணன் மகள் நிவேதா மணாலிக்கு டிக்கெட் போட்டுவிட்டாள், எனக்கும் இவருக்கும் சேர்த்து. ஐம்பத்திரண்டு வயதில் பனிச்சறுக்கு! பள்ளிக்கூடத்தில் சொன்னேன். கணக்கு டீச்சர் என் இடுப்பைப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் ஒரே பிடி. "கைகால ஒடிச்சுட்டு வந்தீன்னா யாரு பாக்கறது? என் கண்ணு முன்னால ஒழுங்கா விழுந்து காட்டு. அப்பறந்தான் மணாலி."

ஜன. 6

வாங்க: கையுறை, முட்டிக்கு உறை, மூட்டுத் தைலம் (இவருக்கு).

நிவேதாவின் வாய்ஸ் மெசேஜ்: "அத்தை, விழப்போறோம்னு தெரிஞ்சா பக்கவாட்டுல சாஞ்சு விழுங்க. கைய மட்டும் ஊனிராதீங்க, மணிக்கட்டு போயிரும்." இவரையும் கேட்க வைத்தேன். பேப்பரிலிருந்து தலை நிமிராமல் ஒரு 'ம்'.

ஜன. 10, சனி

வெயில். அறுப்பு முடிந்த சாமைக்காட்டுச் சரிவு. உரச்சாக்கின் மேல் நான். தலையில் குரங்குக் குல்லா, அதற்கு மேல் இவருடைய பைக் ஹெல்மெட்.

காட்டுக்காரி பொன்னக்கா: "ஏனுங் டீச்சரு, சாக்குல ஏறி எந்த ஊருக்குங்க?"

"மணாலிக்கு."

"பஸ்ஸுல எடமில்லீங்களா?"

பாதி வழியில் ஹெல்மெட் மூக்குவரை இறங்கியது. கண் தெரியாமல் நேராகக் காப்பிச் செடிக்குள். போட்டோ நிவேதாவுக்குப் போய்விட்டது (உபயம்: இவர்). உடனே போன். "அத்தை! குல்லாவுக்கு மேல மாட்டுனா ஆடத்தான் செய்யும். ஆடுற ஹெல்மெட் எதுக்கு? குல்லாவக் கழட்டுங்க!"

மார்கழியில், நம்மைப் பார்த்து, குல்லாவைக் கழற்றச் சொல்கிறாள்!

ஜன. 11, ஞாயிறு

குல்லா இல்லை. வார் இறுக்கம். சறுக்கினேன், பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன். மறுபடியும். அழகான விழுகை. பொன்னக்கா கைதட்டினாள். அதுதான் வினை.

"இதென்ன பெரிய வித்தை" என்று இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கில் உட்கார்ந்தார். ஹெல்மெட் வேண்டாமாம். பாதிச் சரிவில் கவிழ்ந்தார். வலது கையை நன்றாக ஊன்றினார்.

தலை தப்பியது. மணிக்கட்டில் விரிசல், மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்படிங்க ஆச்சு?" இவர், "காட்டுல வழுக்கிருச்சுங்க." சாக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. சிரிப்பை அடக்கி எனக்கு விலாவில் வலி.

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. சட்டை மாட்டிவிட வேண்டும், சோறு ஊட்ட வேண்டும். மணாலி? கேட்கவே பயம்.

ஜன. 13

தூறல். இட்லியைப் பிட்டு ஊட்டும்போது மெதுவாக, "ஏனுங்க, நாம வரலைன்னு நிவேதாகிட்ட சொல்லிரட்டுங்களா?"

மென்றுகொண்டே இருந்தார். சட்னியில் உப்புப் பத்தவில்லை என்றார். அப்புறம்:

"அவகிட்ட நானே பேசிட்டேன். அங்கயே நல்ல ஹெல்மெட்டு வாடகைக்குக் கெடைக்குதாம். நானும் வாரேன், கீழ நின்னு பையெல்லாம் பாத்துக்கறேன்."

அடுத்த வாய் இட்லியை நீட்டினேன்.

"ஊட்டுல இப்ப வேலைக்காகற கை மொத்தமே மூணு. அதுல ரெண்டு உன்னுது. பாத்து விழு."