ஒன்றரைக் கூறு

இராமநாதபுரம்
3.1.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

முழங்கால் வலி தவிர நான் சுகம். போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை, அதனால்தான் கடிதம். தை அமாவாசைக்கு இராமேஸ்வரம் போய் நம் அய்யாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, மறுநாள் திரும்பும்போது உச்சிப்புளியில் இறங்கிச் சந்தைக்குள் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

வெளியூர் போனால் சந்தையைப் பார்க்க வேண்டும். அந்த மண்ணில் என்ன விளைகிறதென்று தெரியும். நாலு பேரோடு பேசலாம். ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். உப்பு விற்கிற அம்மாவிடம் அரைமணி நேரம் பேசியதில், நான் ஒரு வருடமாக நடத்திய பூகோளம் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது, இப்போது பனங்கிழங்கு வந்திருக்கும்.

உங்கள் தங்கை,
உமாமகேஸ்வரி


திருவாடானை
8.1.2026

தங்கச்சி உமாவுக்கு,

உண்மையான காரணம் இருக்கிறவள் ஒன்றுதான் சொல்வாள். நீ மூன்று எழுதியிருக்கிறாய். டீச்சர் வேலையை என்னிடமே காட்டுகிறாயா?

நான் பெற்ற நாகஜோதி அந்தத் தங்கச்சிமடத்துப் பையன் சகாயவினோத்தைக் கட்டிக்கொண்டு போய் ஏழு வருடம் ஆகிறது. கருவாடு விற்கிறாள் என்று காதில் விழுந்தது. "மக எங்கன இருக்கா?" என்று யாராவது கேட்பார்களே என்று நம்மூர்ச் சந்தைக்கே நான் போவதில்லை. வீட்டு வேலைக்காரன் காளிராஜ்தான் போகிறான். அவன் மேலும் எனக்குச் சந்தேகம். ஒரு கூறு கருவாடு வாங்கிவரச் சொன்னால் ஒன்றரைக் கூறு கொண்டுவருகிறான். கேட்டால், "கொசுறுய்யா" என்கிறான். எந்த வியாபாரி அரைக் கூறு கொசுறு போடுவான்?

இப்போது நீ. உச்சிப்புளியில் அவளை உட்கார வைத்திருக்கிறாயா? சொல்லிவிடு.

பாண்டித்துரை


இராமநாதபுரம்
12.1.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

உச்சிப்புளியில் நாகஜோதி இல்லை. நம் அய்யா மேல் சத்தியம். இன்னும் சந்தேகம் என்றால் போகாதீர்கள். எனக்குத்தான் பனங்கிழங்கை நினைத்து நாக்கு ஊறுகிறது.

உமா


திருவாடானை
21.1.2026

உமாவுக்கு,

போனேன். உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன். கருவாட்டு வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பின்னாலிருந்து "அய்யா" என்று ஒரு குரல். திரும்பினேன். கத்தரிக்காய் விற்கிற பெண். போகிற வருகிற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அது தெரிந்த பிறகும் நாலு தடவை திரும்பினேன்.

கடைசியில் அவளே, "என்னய்யா, வாங்கவும் மாட்டேங்குறீக, போகவும் மாட்டேங்குறீக. யாரத் தேடுறீக?" என்றாள். பக்கத்துக் கடைக்காரி, "சும்மா இருடி, கூட வந்த அம்மாவத் தொலைச்சிட்டு நிக்கிறாக" என்று சிரித்தாள். விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன். பனங்கிழங்கும் வாங்க மறந்துவிட்டேன்.

நீ சொன்னது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் கோபம்.

அவள் எந்தச் சந்தைக்கு வருவாள்? உனக்குத் தெரியாமல் இருக்காது. காரணம் எதுவும் எழுதாதே. ஊரும் கிழமையும் மட்டும் எழுது.

பாண்டித்துரை


இராமநாதபுரம்
24.1.2026

அண்ணனுக்கு,

திருவாடானை. திங்கட்கிழமை.

காளிராஜைத் திட்ட வேண்டாம். அந்த அரைக் கூறு அவள் போடுவது.

உமா