நீங்கள் சொல்லாத ‘போலாம் ரைட்’

அப்பா,

இன்று காலை உங்கள் பேத்தி யாழினி அந்தச் செம்புப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டாள். நீளக் கைப்பிடி வைத்த குட்டிக் காபிப் பாத்திரம். சமையலறை மேல்தட்டில், யாரும் தொடாத கேக் டின்களுக்குப் பின்னால் அதை ஒளித்துவைத்தவன் நான்தான். எப்படியோ தேடி எடுத்து, பொடியை அள்ளிப் போட்டுப் பொங்கவிட்டுவிட்டாள். வீடு முழுக்கக் கருகின காபி வாசனை. ஸ்மோக் அலாரம் வேறு கத்த ஆரம்பித்தது. ஸ்டூல் மேல் ஏறித் துண்டால் விசிறிக்கொண்டு நின்றவனுக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. அந்த வாசனை வந்தாலே நான் கூசிப்போகிறேன், அப்பா. நாற்பத்தெட்டு வயது ஆள், சொந்த வீட்டு அடுப்படியில், ஒரு காபி வாசனைக்குக் கூசிப்போகிறேன்.

அம்மா போன பிறகு நீங்கள் முதல்முறை இங்கே வந்து இருந்த ஆறு மாதமும் ஒரே புலம்பல்தான் உங்களுக்கு. நியூஜெர்சியில் எங்கள் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்ட் பால்கனியில் நின்று, கீழே வரிசையாக நிற்கும் கார்களைப் பார்த்துவிட்டுச் சொல்வீர்கள்: “என்ன ஊருய்யா இது? கண்ணுக்கு ஒரு பஸ்ஸு அம்புட மாட்டேங்கு.” கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டராகத் தொடங்கி டைம் கீப்பராக ஓய்வு பெற்றவருக்கு பஸ் இல்லாத ஊர் எப்படி ஊராகத் தெரியும்? அதனால்தான் அடுத்த முறை நீங்கள் வரும்போது பால்கன் நாடுகளுக்கு ஒரு குரூப் டூர் போகலாம் என்று முடிவு செய்தோம். குரோஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா. எல்லாம் ஒரே பஸ்ஸில். போனில் சொன்னதும் உங்கள் குரலே மாறிவிட்டது. “நாடு விட்டு நாடு பஸ்லயா? இந்தா கிளம்பிட்டேன்” என்றீர்கள்.

எனக்கும் சுதாவுக்கும் யாழினிக்கும் அமெரிக்க பாஸ்போர்ட். உங்களுடையது இந்திய பாஸ்போர்ட். மற்ற நாடுகளுக்கு உங்கள் அமெரிக்க விசாவே போதும், குரோஷியாவுக்கு மட்டும் ஐரோப்பாவின் ஷெங்கன் விசா வேண்டும். நீங்கள் அதைச் சென்னையிலேயே வாங்கிக்கொண்டு வரவேண்டும். விண்ணப்பத்தை இங்கிருந்து நிரப்பியவன் நான். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு நிரப்பினேன். ஒருமுறை நுழையவா, பலமுறை நுழையவா என்று கேட்டிருந்தது. ஒரே டூர்தானே, ஒருமுறை போதும் என்று தட்டிவிட்டேன். ஒரு காலத்தில் இதே விசாவுக்காக வாசல் வாசலாக நின்றவன்தான். பாஸ்போர்ட்டின் நிறம் மாறியதும் எல்லாம் மறந்துபோயிற்று. பஸ் குரோஷியாவில் தொடங்கி, போஸ்னியாவுக்குள் போய், மறுபடி குரோஷியாவுக்குள் வந்து, அப்புறம்தான் மாண்டினீக்ரோ போகும் என்பது டூர்த் தாளில் படம் போட்டே இருந்தது. நான் ஹோட்டல்களை மட்டும்தான் பார்த்தேன்.

முதல் சில நாட்கள் நீங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள்! பஸ்ஸைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தீர்கள். டிரைவரிடம் தமிழிலேயே பேசினீர்கள், அவர் அவருடைய பாஷையில் பதில் சொன்னார், இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டீர்கள். காலையில் கைடு அம்மா ஆட்களை எண்ணும்போது கூடவே நீங்களும் எண்ணுவீர்கள். பின்சீட்டு அமெரிக்கத் தாத்தா ஒருவர் தினமும் லேட்டாக வருவார். “இந்த ஆள நம்ம டிப்போல விட்டா ஒரே நாள்ல நிமுத்திருவோம்” என்று என் காதில் சொல்வீர்கள். போஸ்னியாவில் மோஸ்தார் பாலத்தின் மேலிருந்து ஒருவன் ஆற்றில் குதித்ததைப் பார்த்து எல்லோரும் கை தட்டியபோது, நீங்கள் மட்டும் “இவன் வீட்ல தேட மாட்டாகளா?” என்று கேட்டீர்கள். யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சத்தமாகப் பேசுகிறீர்களோ என்று. அப்போதே எனக்குள் அந்தக் கோணல் இருந்திருக்கிறது.

மறுநாள் குரோஷிய எல்லையில் பஸ் நின்றது. அதிகாரி உங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். உங்களைக் கீழே இறங்கச் சொன்னார். “என்னய்யா சொல்லுதான் அவன்?” என்று கேட்டீர்கள். “ஒண்ணுமில்லப்பா, ஒரு நிமிஷம்” என்றேன். சாவடியை ஒட்டியிருந்த கண்ணாடி அறையில் உங்களை உட்காரவைத்தார்கள். விசா ஒருமுறை நுழையத்தான், அதை ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று, உள்ளே விட முடியாது, அவ்வளவுதான் விஷயம். பஸ் படியில் நின்றபடியே நான் கெஞ்சினேன். கைடு அம்மா அவர்கள் பாஷையில் கெஞ்சினார். நடக்கவில்லை.

பாவம், அந்த அம்மாதான் வழி கண்டுபிடித்தார். போஸ்னியா பக்கமே ட்ரெபின்யே என்று ஓர் ஊர் இருக்கிறதாம், அங்கே அவருக்குத் தெரிந்த டாக்ஸி டிரைவர் இருக்கிறாராம். அவர் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு நாள் தன் வீட்டில் வைத்திருந்து, குரோஷியா பக்கமே போகாமல் நேரே மாண்டினீக்ரோவுக்குக் கொண்டுவந்து விடுவார். அங்கே எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்: “அவரோடு நீங்கள் இறங்குகிறீர்களா?”

பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காலையில் உங்களோடு சிரித்துப் பேசியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஹி வில் மேனேஜ்.”

ஏன் இறங்கவில்லை? சுதா இறங்கச் சொன்னாள். “நாங்க பாத்துக்கறோம், நீங்க மாமாகூடப் போங்க” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கேட்கவில்லை. எனக்கு அடுத்த ஊரான டுப்ரோவ்னிக்கின் பழைய கோட்டையைப் பார்க்க வேண்டும். அந்த மதில் மேல் நடக்க வேண்டும், கடலைப் பார்க்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். எவ்வளவு மழுப்பினாலும் கடைசியில் அதுதான் மிஞ்சுகிறது. அதைவிடக் கேவலம், உங்களிடம் அதை வந்து சொல்லக்கூட நான் இறங்கவில்லை. உங்கள் பையையும் மாத்திரை டப்பாவையும் கைடு அம்மாவிடம் கொடுத்து அனுப்பினேன். அவருடைய இங்கிலீஷ் உங்களுக்கு எவ்வளவு புரிந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. யோசித்தேன். யோசித்தும் உட்கார்ந்தே இருந்தேன்.

பஸ் நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் எழுந்து நின்றீர்கள். உங்கள் வலது கை பாதி தூரம் மேலே வந்தது. பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் தூக்குவார்களே, கூப்பிடவும் முடியாமல் விடவும் முடியாமல், அந்த மாதிரி. எத்தனை ஆயிரம் பேரின் அந்தக் கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள்! நான் தலையைக் குனிந்துகொண்டேன். செருப்பு வாரைச் சரி செய்தேன்.

டுப்ரோவ்னிக்கில் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். மதில் மேல் நின்று சிரிக்கிற என் போட்டோ இன்னும் போனில் இருக்கிறது. அதில் நான் உண்மையாகவே சிரித்துக்கொண்டிருக்கிறேன், அப்பா. ராத்திரி டாக்ஸிக்காரர் நம்பருக்கு போன் பண்ணினால், “நான் நல்லா இருக்கேன், நீங்க சுத்திப் பாருங்க” என்று வைத்துவிட்டீர்கள்.

மாண்டினீக்ரோவின் கோட்டோரில் எங்கள் பஸ் நுழைந்தபோது, நிறுத்தத்தில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். கசங்காத சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் இந்தச் செம்புப் பாத்திரம். டாக்ஸிக்காரரின் வீட்டம்மா கொடுத்ததாம். அந்த அம்மா போட்ட காபி அடியில் மண்டி மண்டியாக நின்றதாம், ஆனால் “குடிக்கலேன்னா அந்தப் பிள்ள மனசு கஷ்டப்படும்லா” என்று தினமும் குடித்தீர்களாம். என்னைப் பார்த்ததும், “என்னய்யா, வண்டி பத்து நிமிஷம் லேட்டு!” என்றீர்கள். பஸ்ஸே சிரித்தது. ஸாரி சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கள் அதற்குள் யாழினி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன், அப்புறம் திறக்கவே இல்லை.

நியூஜெர்சிக்குத் திரும்பியதும் ஆரம்பித்தது உங்கள் கதை. எந்த வீட்டு பாட்லக் விருந்துக்குப் போனாலும் ஆட்களைக் கூட்டிவைத்துச் சொல்வீர்கள். “இவன் என்னய விட்டுட்டுப் போக மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கான். நான்தான் அதட்டினேன். ஒருத்தனுக்காக அத்தன பேரு காயணுமா? எங்க டிப்போல அந்தப் பழக்கமே கிடையாது. பஸ்ஸ ரெண்டு தட்டு தட்டி, ‘போலாம் ரைட்’னேன். டிரைவரும் எடுத்துட்டான்!” டைனிங் டேபிளை இரண்டு தட்டு தட்டிக் காட்டுவீர்கள். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். நானும் சிரிப்பேன். நீங்கள் என் பக்கம் மட்டும் திரும்பவே மாட்டீர்கள். திரும்பியிருந்தால் அந்த இடத்திலேயே உங்கள் காலில் விழுந்திருப்பேன் என்று இப்போது பெருமையாக எழுதத் தோன்றுகிறது. விழுந்திருக்க மாட்டேன்.

போன ஆவணியில் நீங்கள் போய்விட்டீர்கள். செய்தி கேட்டு விமானம் பிடித்துக் கோவில்பட்டி வந்து சேர்ந்தேன். வீட்டு முன்னால் பந்தலில் உங்கள் டிப்போ நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வெளிநாட்டுலயே ‘போலாம் ரைட்’ சொல்லி வண்டிய எடுக்க வச்ச மனுசன்லா! தனியா நிக்க எவனுக்குய்யா தைரியம் வரும்?” என்று அழுதார். அங்கேயும் அந்தக் கதைதான். கொள்ளி வைக்கிறவரைக்கும் அந்தக் கதை என்னைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது.

போன சனிக்கிழமை பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் ஒரு நண்பன் வீட்டில் சாப்பாடு. அவனுடைய மாமனார் மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். “டேய், சம்மர்ல இவங்களைக் கூட்டிட்டு பால்கன் டூர் புக் பண்ணப்போறேன். உங்கப்பா ஸ்டோரியைச் சொல்லுடா, இவங்க கேக்கணும்” என்றான். விசா விஷயத்தை ஜாக்கிரதையாகப் பார்க்கச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உங்கள் கதையை உங்கள் குரலிலேயே சொன்னேன். டேபிளை இரண்டு தட்டு தட்டினேன். “போலாம் ரைட்!” அந்த மாமனார் கண் கலங்கி, “இப்படி அப்பா கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும் தம்பி” என்றார். தலையாட்டினேன். நீங்கள் இல்லாமல் போன பிறகும் உங்களை வைத்து என்னை மறைத்துக்கொண்டேன். சீ.

திரும்பி வரும்போது காரில் பின்சீட்டிலிருந்து யாழினி, “ஐ நோ, அப்பா” என்றாள். பதினாலு வயதாகிவிட்டது அவளுக்கு. நாம் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் சொல்வாளே, அப்படித்தான் சொன்னாள், நிதானமாக. தாத்தா பஸ்ஸைத் தட்டவில்லை, ரைட் சொல்லவில்லை, ஜன்னல் சீட்டில் இருந்து தான் எல்லாம் பார்த்ததாகச் சொன்னாள். கோட்டோரில் நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், நாங்கள் விட்டுவிட்டுப் போகிறோம் என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லையா தாத்தா என்று கேட்டாளாம். நீங்கள் அவள் காதில் சொன்னதை மட்டும் தமிழிலேயே சொல்லிக் காட்டினாள், உங்கள் இழுவையோடு: “தாத்தாதான் ரைட் சொன்னேன்னு வச்சுக்க தாயி. இல்லன்னா ஒங்கப்பன் நம்ம மூஞ்சியில முழிக்க மாட்டான்.”

காரை ஓரமாக நிறுத்தினேன்.

அவள் இன்னும் ஒன்று சொன்னாள், அப்பா. நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது. உங்கள் கை பாதியில் நின்றதாம். பஸ் உங்களைக் கடக்கும்போது ஜன்னலில் அவள் முகம் தெரிந்ததாம். உடனே அந்தக் கையை முழுசாகத் தூக்கி, சிரித்துக்கொண்டே அவளுக்கு டாட்டா காட்டினீர்களாம். பஸ் வளைவில் திரும்புகிறவரை காட்டிக்கொண்டே இருந்தீர்களாம். அவளும் காட்டினாளாம்.

காலையில் அலாரம் ஓய்ந்த பிறகு, கருகினதை அப்படியே ஊற்றி எனக்கும் ஒரு கப் கொடுத்தாள். அடியில் நீங்கள் சொன்ன மாதிரியே மண்டி. முழுக்கக் குடித்தேன். பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, கண்ணில் படும்படி அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் பிஸ்கட்டவே நண்பனுக்கு போன் பண்ணப்போகிறேன். அவனுடைய மாமனாரையும் ஸ்பீக்கரில் கேட்கச் சொல்வேன். நீங்கள் ரைட் சொல்லவே இல்லை என்று சொல்லிவிடுவேன்.

அந்த டாட்டா யாழினிக்கு நீங்கள் கொடுத்தது. அதில் எனக்குப் பங்கு கிடையாது. பாதி தூக்கின கைதான் என்னுடையது, அப்பா. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.