ஏப்ரன் நாடா

அப்பா, முழங்கால் வலி தேவலையா? எனக்கு இந்த நியூகாசில் குளிர்கூடப் பழகிவிட்டது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் நான் வேலை செய்யும் பப்பில் குடிக்க வந்த ஒருத்தன் வேண்டுமென்றே என் ஏப்ரன் நாடாவைப் பிடித்து இழுத்தான். போலீசில் சொன்னேன். "இத்துனூண்டு நாடாவுக்குக் கோர்ட்டாடி?" என்று சிரித்த முதலாளியம்மா டோரீன்தான் முதல் ஆளாகச் சாட்சி சொன்னார்.

நேற்று கோர்ட்டில் அவன், "அவ மேல என் கையே படல, ஒரு கீறல்கூட இல்ல" என்றான்.

"கூட்டத்துல இடிச்சுக்கிறது சகஜம். இது அப்படியில்ல. போட்டிருக்கிற துணிய அவங்க இஷ்டமில்லாம வேணும்னே இழுத்தா, ஆளைத் தொட்ட மாதிரிதான். காயம் படணும்னு இல்ல" என்றார் நீதிபதி. அவனுக்குத் தண்டனையும் கொடுத்தார். இன்று தலைநிமிர்ந்து வேலைக்குப் போகிறேன்.

நம் ஊர்க் குங்குமப்பூ பன் நாலு அனுப்புங்கள். பஸ் வந்துவிட்டது. ஆகஸ்டில் நான் ஊருக்கு வரும்போது ரயில் ஸ்டேஷனில் என்னைக் கேட்காமலே கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள். யாரும் கட்டிப்பிடித்து எட்டு மாதமாகிறது.

மொர்வென்னா