சண்டை போடும் அளவுக்கு மூச்சு

அக்கா,

இன்று காலை கராஜில் கார் கதவைத் திறந்தபோது புகை வாசம் வந்தது. முதலில் டோஸ்டரைச் சந்தேகப்பட்டேன். உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். இறைச்சியை நாள் முழுக்கப் புகையில் வாட்டுவதற்கு ஒரு இரும்புப் பெட்டி வைத்திருக்கிறாரே, அவர்தான். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பெட்டி உறை போட்டு மூடிக் கிடந்தது. ஃபோனில் காற்றின் தரம் பச்சை என்று காட்டியது. அந்தப் பச்சையை நான் என்றைக்கு நம்பியிருக்கிறேன்? அதை அளக்கும் கருவி இந்த லிவர்மோர் ஊரின் வேறொரு மூலையில் யார் வீட்டுக் கூரையிலோ இருக்கிறது.

அதற்குள் நெஞ்சின் இடது பக்கம் இழுத்துப் பிடித்தது. விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினேன். நல்ல எண்ணாகவே காட்டியது. மெஷினில் கோளாறோ என்று என் கணவரைக் கூப்பிட்டு அவர் விரலிலும் மாட்டிப் பார்த்தேன். ஏன் என்று கேட்காமல் விரலை நீட்டினார், இத்தனை வருடங்களில் பழகிவிட்டது. "இன்னிக்கு வேணாம்மா. லீவ் போட்டுடு," என்றார்.

நான் என்ன சொன்னாலும் அவருக்குச் சரி. என் நுரையீரல் சுருங்கிய நாளிலிருந்து இந்த மனிதர் என்னோடு ஒரு விஷயத்தில்கூட மாறுபட்டதில்லை. டாக்டர் அவரிடம் தனியாக ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று எனக்கு இன்னும் ஒரு நினைப்பு உண்டு.

இன்று நான் மில்பிடாஸ் ஆபீஸுக்குத் திரும்பிப் போக வேண்டிய நாள். நீங்கள் போன பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தேன், அது முடிந்துவிட்டது. வழியில் இருக்கும் சுனோல் மேட்டை, நோய் வந்த பிறகு நான் தனியாகத் தாண்டியதே இல்லை. இன்று போகவில்லை என்றால் இனி எந்த நாளும் போக மாட்டேன், கொஞ்சம் கொஞ்சமாக வாசல்படி தாண்டுவதையும் விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த இழுப்பு நிஜமா, பயமா? அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

நாம் முதலில் பேசியது நினைவிருக்கிறதா? லிவர்மோர் கோயிலின் கார் நிறுத்துமிடத்தில். உள்ளே ஹோமம் நடந்துகொண்டிருந்தது, அந்தப் புகைக்குப் பயந்து நான் வெளியே நின்றிருந்தேன். போகிற ஆன்ட்டிகள் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் குரலைத் தாழ்த்தி, "இந்த மூணு நாள்ல வராம இருந்திருக்கலாமேம்மா," என்றார். இன்னொருவர் என் வயிற்றைப் பார்த்தபடி, "ஏதாவது விசேஷமா?" என்றார். கோயிலுக்கு வந்துவிட்டு உள்ளே போகாத பெண்ணுக்கு நம் ஊர்க்காரர்கள் தரும் காரணங்கள் இந்த இரண்டுதான். மூன்றாவதாக நுரையீரல் என்று ஒன்று இருப்பது யாருக்கும் தோன்றாது. சொல்லியிருந்தால் "ஐயோ" என்பார்கள், அடுத்த வாரம் ஊர் முழுக்கப் பரவியிருக்கும். அதனால் நான் சொல்லவில்லை.

நீங்கள் தொன்னையில் புளியோதரையோடு வெளியே வந்தீர்கள். என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"ஏங்கண்ணு உள்ள வரல? பொய் சொல்லாம சொல்லு."

யாரென்றே தெரியாத ஒருவரிடம் ஏன் சொன்னேனோ, சொல்லிவிட்டேன். ஆபீஸில் உட்கார்ந்த இடத்திலேயே தோள்பட்டை வலித்தது, வாயுப்பிடிப்பு என்று நினைத்து ஓம வாட்டர் தேடியது, ஆஸ்பத்திரியில் இடது நுரையீரல் சுருங்கிவிட்டது என்று விலாவில் ட்யூப் போட்டது, சரியாகி வீட்டுக்கு வந்து மறுபடி சுருங்கியது, பிறகு அதை நெஞ்சுச் சுவரோடு ஒட்ட வைத்து ஆபரேஷன் செய்தது, எல்லாம்.

"இப்ப விரிஞ்சிருச்சா?"

"விரிஞ்சிடுச்சு."

"அப்புறம் என்ன?"

"நம்பிக்கை இல்லைங்க."

"டாக்டர் மேலயா?"

"நுரையீரல் மேல."

நீங்கள் சிரித்தீர்கள். பாவம் என்று சொல்லவில்லை. "எங்க வேலை?" என்று கேட்டீர்கள். மில்பிடாஸ் என்றதும் உங்கள் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன். உங்கள் ஆபீஸும் அங்கேதான். திங்கட்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் உங்கள் கார் வந்து நின்றது.

முதல் வாரம் முழுக்க உங்கள் நல்ல மனதைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்தேன். இவ்வளவு நல்லவர் எதற்காக? பிறகு பிடிபட்டது. சுனோல் மேட்டில் மற்ற கார்கள் எல்லாம் ஊர்ந்துகொண்டிருக்க, நாம் மட்டும், காரில் இரண்டு பேராவது இருந்தால்தான் போகவிடும் கார்பூல் லேனில் பறந்துகொண்டிருந்தோம். "அக்கா, உங்களுக்கு நான் வேணுமா, இல்ல பக்கத்து சீட்ல ஒரு தலை வேணுமா?" என்று கேட்டேவிட்டேன்.

"தலைதான்," என்றீர்கள். "பின்ன உன் அழகுக்கா கூட்டிட்டு வர்றேன்?"

அன்றுதான் உங்களைக் கொஞ்சம் நம்ப ஆரம்பித்தேன்.

ஆனால் நீங்கள் என்னை நம்பவில்லை. அதுதான் அப்போது எனக்கு எரிச்சல். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால், "எல்லாருக்கும்தான் வாங்குது" என்பீர்கள். பொங்கல் விழாவுக்கு நாற்காலி அடுக்க வரமுடியாது என்றால், "மூச்சா, சோம்பலா?" என்பீர்கள். குளிர்காற்று பட்டால் நெஞ்சு இறுகுவதும், சத்தமாகச் சிரித்தால் இருமல் வருவதும், இடது பக்கமாகப் படுக்க முடியாததும் உங்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை என்று நினைத்தேன். மூச்சை அளக்கக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து "ஊது, ஊது, இன்னும் ஊது" என்று ஊத விட்ட டாக்டர், "இது இப்படியேதான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள்" என்றார். அதைச் சொல்லிக்கொண்டு வந்தபோதும் நீங்கள், "சரி, அதுக்கென்ன?" என்றுதான் கேட்டீர்கள்.

இதற்கு மேல் தினமும் ஒரு சண்டை வேறு. கார் ஃப்ரீவேயில் ஏறியதும் சென்னைக்காரியான என்னிடம் ஆரம்பித்துவிடுவீர்கள். சென்னைக்காரர்களுக்குத் தண்ணீரின் ருசி தெரியாது. சென்னைக்காரர்களுக்கு மரியாதை தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த அரிசிம்பருப்பு. ஈரோட்டுக்காரரான உங்களுக்கு அது உலகத்தில் தனி ஒரு சாப்பாடு. அரிசியையும் பருப்பையும் ஒன்றாகக் குக்கரில் வேக வைத்தால் எங்கள் ஊரில் அதற்குப் பொங்கல் என்று பெயர், நீங்கள் அதில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் போட்டுப் பெயரை மாற்றிக்கொண்டீர்கள் என்று நான் சொல்லுவேன். நீங்கள் ஸ்டியரிங்கில் தட்டுவீர்கள். "பொங்கலா? வாயக் கழுவு கண்ணு." மேட்டைத் தாண்டி மிஷன் இறக்கம் வரும் வரைக்கும் இதே கதைதான் ஓடும்.

ஒரு மார்கழிக் குளிர் காலை. சுனோல் மேடு ஏறும்போது நீங்கள் வழக்கம்போல், "உங்க ஊருப் பொங்கல நாய்கூட மோந்து பாக்காது," என்றீர்கள். நான், "அதில்லக்கா... அது..." என்றேன். மேலே வரவில்லை. விட்டுவிட்டேன். பேச அலுப்பாக இருக்கிறது என்றுதான் நானே நினைத்தேன்.

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். கார்பூல் லேனிலிருந்து வெளியேற, கோடு விட்டு விட்டுப் போட்டிருக்கும் இடம் வரும்வரை காத்திருப்பவர் நீங்கள். அவசரம் என்றாலும் ரெட்டை வெள்ளைக் கோட்டைத் தாண்ட மாட்டீர்கள், அதற்காக என் கணவரையே திட்டியிருக்கிறீர்கள். அன்று இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு கோட்டை அப்படியே குறுக்கே வெட்டினீர்கள். "எங்கக்கா?" என்றேன். நேராக ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினீர்கள்.

ஆஸ்பத்திரியில் முன்னால் உட்கார்ந்திருந்த நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னாள். நான் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தேன். நீங்கள் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "ஷி ஆல்வேஸ் ஆர்க்யூஸ். டுடே ஷி இஸ் நாட் ஆர்க்யூயிங்," என்றீர்கள். அந்த நர்ஸுக்கு என்ன புரிந்ததோ, உடனே உள்ளே கூட்டிப் போனாள். இந்த முறை வலது பக்கம். பாதி சுருங்கியிருந்தது.

மறுநாள் கட்டிலருகில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னீர்கள். "நல்லா இருக்கியான்னு கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவ. முடியலன்னு சொன்னா பயத்துல சொல்லுவ. நீ சொல்றத நம்பறதுக்கு நான் என்ன உன் வீட்டுக்காரரா? சண்டைக்கு இழுத்துப் பாப்பேன். சண்டை போட மூச்சு இருந்தா ஒண்ணும் இல்ல."

எனக்கு அழுகை வந்தது. உண்மையைச் சொல்கிறேன், வீட்டுக்கு வந்த பிறகு அதிலும் ஒரு சந்தேகம் வந்தது. நீங்கள் எல்லோரிடமும்தான் சண்டை போடுகிறவர். காய்கறிக் கடையில், கோயில் கமிட்டியில், உங்கள் மகனிடம். எனக்காகப் போட்டது என்று பிறகு சும்மா சொல்லிக்கொண்டீர்களோ என்று நினைத்தேன். இன்றும் முழுக்கத் தெளிவில்லை. ஆனால் அன்றிலிருந்து, நெஞ்சு பிடிக்கும்போதெல்லாம் உங்களுக்கு ஃபோன் போட்டேன். நீங்கள் எதையாவது சொல்லி வம்புக்கு இழுப்பீர்கள். நான் மூச்சு விடாமல் பதில் கொடுத்து முடித்ததும், "ஒண்ணும் இல்ல, போய் வேலயப் பாரு," என்று வைத்துவிடுவீர்கள். பிடிப்பும் விட்டிருக்கும்.

பிறகு ஒரு நாள் நீங்கள், "கண்ணு கூசுது, நீ ஓட்டு," என்று சாவியைக் கொடுத்தீர்கள். எனக்கு அப்போதே உறுத்தியது. நீங்கள் யாரிடமும் ஸ்டியரிங்கைக் கொடுப்பவர் இல்லை. கொண்டுவந்த டிஃபன் டப்பா மாலையில் கனமாகவே திரும்பியது. கேட்டால் அசிடிட்டி என்றீர்கள். சுடிதார் தொளதொளவென்று ஆனதற்கு நடைப்பயிற்சி என்றீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தீர்கள், அதுதான் என்னை அதிகமாகச் சந்தேகப்பட வைத்தது. உண்மை சொல்கிறவர்களிடம் இவ்வளவு காரணம் இருக்காது.

அதனால், நான் ஓட்டிக்கொண்டு போன ஒரு காலை, நானே சண்டையை ஆரம்பித்தேன். "அக்கா, என்ன இருந்தாலும் அரிசிம்பருப்பு பொங்கல்தான்."

நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஆமா கண்ணு. பொங்கல் மாதிரிதான்," என்றீர்கள்.

இண்டிகேட்டரைப் போட்டேன். கண்ணில் பட்ட முதல் எக்ஸிட்டில் ஃப்ரீவேயைவிட்டு இறங்கினேன். "எங்க போற?" என்றீர்கள். "நீங்க என்னக் கூட்டிட்டுப் போன எடத்துக்குத்தான்," என்றேன். வேறு நாளாக இருந்தால் காரை நிறுத்தச் சொல்லிக் கத்தியிருப்பீர்கள். அன்று தலையைச் சாய்த்துக்கொண்டீர்கள்.

கணையத்தில் கட்டி, ஈரல் வரை போய்விட்டது என்றார்கள். எனக்கு டாக்டரிடம் கோபம், உங்களிடம் அதைவிடக் கோபம். என் மூச்சை அவ்வளவு கேட்டவர் உங்கள் வயிற்றைக் கேட்கவில்லையே.

கடைசியாக உங்கள் வீட்டில் பார்த்தபோது மூக்கில் ஆக்ஸிஜன் ட்யூப் இருந்தது. அந்த மெஷினின் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். என்ன பேசுவதென்று தெரியாமல், "ஈரோடெல்லாம் ஒரு ஊராக்கா?" என்றேன். உங்கள் மகன் என்னை முறைத்தான். நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். மூச்சை இழுத்தீர்கள், விட்டீர்கள், மறுபடி இழுத்தீர்கள். பிறகு, "ஊர்தான்," என்றீர்கள். அந்த ஒரு சொல்லை எனக்காகச் சேர்த்து வைத்துச் சொன்னீர்கள் என்று நம்புகிறேன். நான் நம்புகிற வெகு சில விஷயங்களில் அது ஒன்று.

இன்று காலைக்கு வருகிறேன். காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். என் கணவர் கண்ணாடிக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சண்டைக்கு அவர் ஆகமாட்டார். பக்கத்து சீட்டைப் பார்த்தேன். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் வாய்விட்டு ஆரம்பித்தேன்.

"எனக்கு மட்டும் மூச்சக் கேட்டுக் கேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவீங்க, உங்களுக்கு வந்தா அசிடிட்டின்னு கத விடுவீங்க, ஒரு வார்த்த சொல்லியிருந்தா முன்னாடியே பாத்திருப்போம்ல, இப்ப நான் மட்டும் தனியா அந்த மேட்ட ஏறணும், கார்பூல் லேன்லகூட போக முடியாது, உங்களுக்குத் தேவைப்பட்டப்ப என் தல வேணும், எனக்குத் தேவைப்படறப்ப நீங்க எங்கக்கா போனீங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. இரைப்பு இல்லை, இருமல் இல்லை. கண்ணில் மட்டும் நீர் ஓடிக்கொண்டிருந்தது. புகை வாசம் இன்னும் லேசாக இருந்தது, அது எங்கிருந்து என்று இப்போதுவரை தெரியாது.

அவர் கண்ணாடியைத் தட்டினார். "யார்கிட்டம்மா சண்டை?"

"அக்காகிட்ட. ஒண்ணும் இல்லயாம், நான் கெளம்பறேன்."

சுனோல் மேட்டில் வலது ஓரமாக, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போனேன். கார்பூல் லேனில் கார்கள் இரண்டு இரண்டு தலைகளோடு பறந்துகொண்டிருந்தன. மேட்டு உச்சியில் நெஞ்சு மறுபடி ஒருமுறை இழுத்தது. உடனே உரக்கச் சொன்னேன், அரிசிம்பருப்பு பொங்கல்தான் என்று. சாகும்வரை சொல்லுவேன் அக்கா. ஒத்துக்கொண்டால் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.