இரண்டு பேருக்கு ஒரே காது

ஐயா, வணக்கம்.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உங்கள் இயலாமை ஓய்வூதிய மனுவை நிராகரித்த குறிப்பு என் கையால் எழுதியது. பணிக்காலம் முழுவதும் செவித்திறன் குறையவில்லை, எனவே கேளாமைக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பில்லை என்று எழுதினேன். பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் எனக்கு மேலே போவதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிற குறிப்பு அது.

விசாரணையன்று உங்கள் மனைவி, அவரைக் கேக்காதீங்க சார், என்னைக் கேளுங்க என்றார். காது கேட்காதவருக்கு இவ்வளவு நல்ல ரிப்போர்ட்டா என்று பிரிவு அதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன். எங்களைப் பார்த்து நீங்களும் சிரித்தீர்கள்.

போன வாரம், உங்கள் பீரங்கியை இழுத்த லாரியின் ஓட்டுநர் முதுகுவலிக்காக மனுப் போட்டார். அவர் கோப்பிலிருந்த காதுப் பரிசோதனைத் தாளில் ஒவ்வொரு காதுக்கும் ஏழு எண்கள். எங்கேயோ பார்த்த எண்கள். உங்கள் கோப்பை இறக்கிப் பக்கத்தில் வைத்தேன். பணியில் சேர்ந்தபோது இருவருக்கும் வேறு வேறு எண்கள். மூன்றாம் வருடம் தொடங்கி, வருடத்துக்கு ஒன்றாக ஐந்து பரிசோதனைகளிலும் இருவருக்கும் ஒரே எண்கள். அப்படி இரண்டு பேருக்குக் காது அமையவே அமையாது.

கவுன்டருக்கு வந்த ஓட்டுநரைக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் டெஸ்ட் வைப்பாங்க, சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும் சார், அவனுக்குத்தான் ஒண்ணும் கேக்காதே, பக்கத்துல உக்காந்து முட்டியால இடிப்பேன், அமுக்குவான் என்றார். மாட்டியிருந்தா பயலைப் பீரங்கியிலேருந்து எடுத்துப் பாத்திரம் கழுவ அனுப்பிருப்பாங்க, அவன் கழுவினா அதுல சாப்பிட முடியுமா என்றும் கேட்டார்.

ஐந்து வருடம், ஒருவர் கேட்க மற்றவர் அமுக்கியிருக்கிறீர்கள். இரண்டு தாள்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காக யாரும் அப்படி இடித்ததில்லை. நானும் யாருக்காகவும் இடித்ததில்லை.

மேல்முறையீட்டுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. இரண்டு கோப்புகளையும் சேர்த்து வரவழைக்கக் கேளுங்கள். ஏமாற்றியதை ஒப்புக்கொள்ளுங்கள். எண்கள் ஒன்றான மூன்றாம் வருடத்துக்குள் உங்கள் காது போய்விட்டது, அப்போது நீங்கள் நின்றது பீரங்கியடியில். அந்த மோசடியே உங்களுக்குச் சாட்சி. ஓட்டுநரின் மனுவுக்கும் இதனால் ஆபத்து வரலாம் என்று அவரிடம் சொன்னேன். அவனை எழுதி எடுத்துட்டு வரச் சொல்லுங்க, கையெழுத்துப் போடுறேன் என்றார்.

ஒருவர் கோப்பில் இருப்பதை இன்னொருவருக்குச் சொன்னால் எனக்கு வேலை போகும். ஓட்டுநருக்கு உள்ள துணிச்சல் எனக்கில்லை. நீங்கள், உங்கள் மனைவி, அவர், மூவரும் நன்றாக இருக்க வேண்டும். தயவுசெய்து இந்தப் பதினோரு நாளைத் தவறவிடாதீர்கள். என் பெயர் உங்களுக்கு வேண்டாம். கையெழுத்திடாமலே இதைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.