ராணிக்கு எண்ணெய் ஸ்நானம்

1913 நவம்பர் 7, வெள்ளி

நடந்தது அத்தனையும் நான் முன்னாலேயே சொன்னதுதான். ஹரிநாத் பாபுவின் மோட்டார் டிரைவர் ஓடிப் போவான் என்றேன், போனான். கவனிக்க ஆளில்லாமல் வண்டியின் முன்பக்கம் கத்தப் போகிறது என்றேன், கத்துகிறது. நேற்று வாசலில் திரும்பும்போது போட்ட கிறீச்சில் தெருக்கோடி பசு கயிற்றை அறுத்துக்கொண்டது. (கயிறு ஏற்கெனவே நைந்ததுதான். ஆனாலும்.)

பாபு எங்கள் வீட்டுக்காரர், மேல்மாடியில் இருக்கிறார். வண்டி பிரான்சு தேசத்தது, சிவப்பு, நீள மூக்கு, பந்தயத்துக்கென்று செய்தது, இரண்டே பேர் உட்காரலாம். ‘ராணி’ என்று கூப்பிடுகிறார். அவருடைய அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “இந்தப் பிசாசை வித்துடு” என்று உத்தரவு. தேயிலைத் தோட்டத்து துரை ஒருவர் 24-ஆம் தேதி வந்து ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொள்வாராம்.

விற்கக் கூடாது. என் மனைவி அனந்தலக்ஷ்மிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே! கல்கத்தா வந்து ஒன்பது வருஷத்தில் காளிகாட்டைத் தாண்டி அவள் எதையும் பார்த்ததில்லை. இந்த ராணியில் உட்கார்த்தி வைத்து டாலிகஞ்ச் வரை அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வருஷா வருஷம் ஏதாவது சொல்வேன். இந்தத் தடவை மட்டும் அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். அதுதான் கஷ்டம்.

பாபுவிடம் சொன்னேன்: “பத்து நாள் கொடுங்கள். மெட்ராஸில் ஒரு ஜமீனில் மூன்று மோட்டாருக்கு முன்பக்கம் முழுக்க என் பொறுப்பு.”

என் அக்கா பிள்ளை சுந்தரேசன் பாங்கியில் குமாஸ்தா, எங்களோடு தங்கியிருக்கிறான். அவன் கேட்டான்: “போன மாசம் ரெண்டு மோட்டார்னேளே மாமா? குட்டி போட்டுதா?”

நவம்பர் 8, சனி

ஆபீஸ் அரை நாள். கால்சட்டையை மடித்துக்கொண்டு வண்டியடியில் புகுந்தேன். ஊர் வில்வண்டிக்கு இருக்கிற அதே பட்டை வில்தான், நீளம் கொஞ்சம் அதிகம். பட்டைக்கு நடுவில் துரு. சக்கரம் இடவலம் திரும்புகிற ஆணிக்கு மேலே பித்தளைக் கிண்ணம், அதற்குள் கிரீஸ் காய்ந்து வெல்லப்பாகு. ஆணி பாவம் பட்டினி.

எண்ணெய்ச் சட்டியைக் கொண்டா என்றேன். அனந்தலக்ஷ்மி வாசற்படியில் நின்று, “ராணின்னு பேர் வெச்சுட்டு சனிக்கிழமையா எண்ணெய் தேய்ப்பா? பொம்மனாட்டிக்கு செவ்வா, வெள்ளின்னா!” என்றாள்.

நியாயம். இன்றைக்கு மண்ணெண்ணெய் விட்டுத் துரு கழுவினதோடு சரி.

நவம்பர் 11, செவ்வாய்

வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தூக்கி நிறுத்தினால் அச்சு தன் கனத்தில் கீழே தொங்கும். பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று வாய் திறக்கும். இந்த ரகசியம் இந்த ஊரில் எனக்கும் இன்னொருவனுக்கும்தான் தெரியும். அவன் ஓடிப் போய்விட்டான்.

காரீயப் பொடி குழைத்த கிரீஸை அந்த வாய்க்குள் தீற்ற மெல்லிசாக ஒரு தகடு வேண்டும். கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல்: “ஏன்னா, என் தோசைத் திருப்பி எங்கே?” வண்டியடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தேன்.

கிண்ணங்களில் புதுக் கிரீஸ் நிரப்பி மூடியை அரைத் திருகு திருகினேன். மிச்சத்துக்கெல்லாம் விளக்கெண்ணெய். வில்லுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரிகிற இரண்டு இரும்புக் கை இருக்கிறது. சேருமிடத்தில் வட்ட வட்டமாகத் தோல். அது நாக்கு வறண்டு கிடந்தது. ஓடிப் போனவன் ஒரு சொட்டுகூட விட்டதில்லை போலிருக்கிறது! உச்சி குளிர விட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

இரண்டாம் எண்ணெய். தோலுக்கு இன்னும் தாராளமாக. சத்தம் அடியோடு போயிற்று. மிச்ச எண்ணெயை வீட்டு ஊஞ்சல் கொக்கிக்கு விட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

எப்படி எழுதுவது?

பாபு ஓட்ட, பக்கத்தில் நான். டாலிகஞ்ச் சாலையில் ஒரு சின்னப் பள்ளம். ராணி ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள் — நிற்கவே இல்லை. அரை மைல் தலையாட்டிக்கொண்டே போனாள். பாபுவின் மூக்குக் கண்ணாடி சாக்கடையில். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எதிரே வந்த வைக்கோல் வண்டிக்காரன் கும்பிட்டுவிட்டு ஒதுங்கினான்.

திரும்பி வந்து பாபு மெதுவாகச் சொன்னார்: “ஐயர் மொஷாய், முன்னே கத்தினாள். இப்போது தவளையாகிவிட்டாளே. துரையே எடுத்துக்கொண்டு போகட்டும்.”

சுந்தரேசன்கூடக் கேலி பண்ணவில்லை. அனந்தலக்ஷ்மி ஒன்றும் கேட்காமல் மோர் கொண்டுவந்து வைத்தாள். கேட்டிருந்தாலாவது... என்னத்துக்கு இந்த வாய் எனக்கு? சும்மா இருக்கப்படாதா? ஊர்ல இல்லாத மோட்டாரெல்லாம் நான்தான் பாத்தேன்னு — சீ.

நவம்பர் 17, திங்கள்

ஆபீஸ் போனேன், வந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

பிடித்துவிட்டேன்! விடியற்காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மூளையில் மின்னல் மாதிரி அடித்தது. அந்தத் தோல் வறண்டு இருப்பதற்கென்றே வைத்தது! வில் குதிக்கிறபோது தோல் உரசிப் பிடித்து அடக்க வேண்டும். எண்ணெய் விட்டால் எப்படிப் பிடிக்கும்? வழுக்கும். வெறும் யோசனையாலேயே கண்டுபிடித்தேன். மெட்ராஸில் ஐந்து மோட்டார் பார்த்தவன் என்றால் சும்மாவா?

ஆபீஸுக்கு வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினேன். இரும்புக் கைகளைக் கழற்றித் தோலை எல்லாம் மண்ணெண்ணெயில் அலசினேன். பிசுக்கு விடவில்லை. எண்ணெய் தேய்த்தால் பிறகு என்ன? சீயக்காய்! ஒரு டப்பா பொடி கரைத்து மூன்று தரம் தேய்த்ததும் தோல் சொரசொரவென்று வந்தது. மாடியில் காய வைத்தேன். பாபுவின் அம்மா பார்த்துவிட்டு, “இது என்ன மதராஸி அப்பளமா?” என்றாள்.

நவம்பர் 20, வியாழன்

தோல் காய்ந்தது. மாட்டி, மரையை இறுக்கி, முன்பக்கத்தின் மேல் ஏறி நின்று குதித்தேன். ஒரு தரம் அமுங்கி எழுந்தது. நின்றுவிட்டது. இன்னொரு தரம் குதித்தேன், ஆசைக்கு.

நவம்பர் 22, சனி

“மா உட்கார்ந்து வந்து சரி என்றால்தான் வண்டி நம் வீட்டில் நிற்கும்” என்றார் பாபு. கிழவி வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, யமலோகம் போகிற முகத்தோடு ஏறினாள். நான் வாசலில் நின்றேன். முக்கால் மணி நேரம். வயிற்றுவலி நிஜமாகவே வந்துவிட்டது.

வந்தார்கள். கிழவி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். எனக்கு உயிர் போயிற்று. பாபு உதட்டில் விரல் வைத்தார். டாலிகஞ்ச் போகும் முன்பே தூங்கிவிட்டாளாம்! எழுப்பினதும், “ஏன் நிறுத்தினாய்?” என்று சண்டை.

துரைக்கு வரவேண்டாம் என்று கடிதம் போய்விட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் கிழவியே கீழே இறங்கி வந்தாள். “பௌமா, வா, பெஹாலா வரைக்கும் போய் வரலாம்” என்று, சொந்த மருமகளைக் கூப்பிடுகிற மாதிரி, அனந்தலக்ஷ்மியின் கையைப் பிடித்தாள். இருவரும் ஒல்லி, பாபுவின் பக்கத்து ஆசனத்தில் ஒண்டிக்கொண்டார்கள். எனக்கு இடமில்லை. வாக்குக் கொடுத்த டாலிகஞ்சையும் தாண்டிப் போகிறாள்! தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கலியாணத்தன்று கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. ராணி ஒரு முனகல் இல்லாமல் முனை திரும்பினாள்.

சுந்தரேசன் சொன்னான்: “மாமா, நிஜமாவே கெட்டிக்காரர்தான் நீங்க.”

“அதெல்லாம் பழக்கம்டா” என்றேன்.

இப்போது வீட்டில் யாரும் இல்லை, எழுதிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மின்னல் எதுவும் அடிக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அனந்தலக்ஷ்மி ஊஞ்சலில் உட்கார்ந்து புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “போன வாரம் கொக்கிக்கு எண்ணெய் போட்டேளே, அதுலேர்ந்து இது நிக்கவே மாட்டேங்கறது. காலை ஊனிண்டுதான் உக்கார வேண்டியிருக்கு. உங்க ராணிக்கும் எங்கேயோ இப்படித்தான் ஆயிருக்கு” என்றாள். சீயக்காயும் அவள் சொன்னதுதான். இந்த ஆறு நாளாக நான் மின்னல் கதை சொல்லும்போதும், எல்லோரும் என்னைப் புகழும்போதும் அவள் பக்கத்தில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.