நான்காம் இயலின் சாட்சி

பிப்ரவரி 6

நெறியாளர் அறையில் மேசை மின்விசிறி மட்டும்தான் நான் சொன்னதற்குத் தலையாட்டியது. "மதமும் அரசியலும்னு தலைப்பு எடுத்தப்பவே சொன்னேனே, கையைச் சுட்டுக்காதேன்னு" என்றார் நெறியாளர். ஆய்வேட்டிலிருந்து நான்காம் இயலைத் தூக்கிவிட வேண்டுமாம்.

அப்படி என்ன எழுதிவிட்டேன்? தேர்தலுக்கு முந்தைய வாரம் எங்கள் பகுதி வழிபாட்டுக் கூடத்தில் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். இன்னாருக்குத்தான் ஓட்டு, மீறுகிறவர்கள் இனி இங்கே வர வேண்டாம் என்றார் கூடத்தின் தலைவர். நடந்ததைத்தான் எழுதினேன். அந்தத் தலைவர் இப்போது எங்கள் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் இருக்கிறார். இருக்கட்டுமே, எனக்கென்ன?

பிப்ரவரி 9

நெறியாளர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, எடுக்க வேணாம். யார் சொன்னதுன்னு பேரைப் போட்டுடு."

பெயரை வெளியிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் பேச வைத்தேன். அப்படியும் வாய் திறந்தது ஒரே ஒருவர்.

அம்மா. பெற்றவளைப் பேட்டி எடுத்த ஆய்வாளர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்பா போன பிறகு அவளுக்கென்று இருப்பது அந்தக் கூடம் மட்டும்தான். அவளைக் காட்டிக்கொடுத்து எனக்கொரு பட்டமா?

பிப்ரவரி 10

இயலை எடுக்க மாட்டேன். பெயரையும் போட மாட்டேன். நெறியாளர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "உன் தலையெழுத்து" என்று ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

பிப்ரவரி 21

"என்னால உன் படிப்புக்கு ஏதாச்சும் இடைஞ்சலா?" என்று கேட்டாள் அம்மா. "உன் வேலையைப் பாரும்மா" என்று எரிந்து விழுந்தேன். பாவம்.

பட்டம் கைநழுவிப் போனால்? பயமாகத்தான் இருக்கிறது. பயந்துகொண்டே நின்றால் ஆகாதா என்ன?

மார்ச் 12

வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம். கூடத்துத் தலைவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். நான்காம் இயல் வந்ததும் எழுந்தார்.

"பேர் இல்லாத ஆள் சொன்னதெல்லாம் ஆராய்ச்சியாம்மா? அப்படி ஒரு ஆளே இல்லைன்னு நான் சொல்றேன்."

"இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன். சொன்னா அவங்களை என்ன பண்ணுவீங்கன்னு அந்த இயல்லயே எழுதியிருக்கேன்."

பின்னால் நாற்காலி நகரும் சத்தம்.

"நான்தாங்க சொன்னேன்."

அம்மா! எப்போது வந்தாள்? கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். "நீங்க பேசுனப்ப நான் உங்களுக்கு நேரெதிர்லதான் இருந்தேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல. அப்படிப் பேசவே இல்லைன்னு இப்ப எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, பாப்போம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

ஏம்மா இப்படிப் பண்ணின? — வீட்டுக்கு வந்து அவள் மடியில் விழுந்து அழுதேன்.

மார்ச் 15

தேர்வாளர்கள் நான்காம் இயலை ஒரு வரி மாற்றாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

காலையில் அம்மா வழக்கம்போல் கூடத்துக்குக் கிளம்பி நின்றாள்.

"உன்னை உள்ள விடுவாங்களாம்மா?" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே, "அது என்ன, அவரு வீடா?" என்றாள்.